மேத் ஸ்கில்: விலை ஓரிடத்தில், பலம் வேறிடத்தில்

வரைபடத்தின் மூலையில் நிற்கும் ஒரு மந்திரவாதிக்கு டர்ன் வருகிறது. ஹோலி என்ற மந்திரத்தைத் தேர்ந்தெடுக்கிறார். யாரையும் குறிவைக்கவில்லை, ‘சிடி’, ‘5’ என்று இரண்டை மட்டும் தேர்கிறார். அந்த நேரத்தில் சிடி எண்ணிக்கை (அடுத்த டர்னுக்காக நிரம்பிவரும் எண்) ஐந்தால் வகுபடும் எல்லோர் மீதும் ஒளி இறங்குகிறது. கூரைமேல் நிற்கும் வில்லாளி, சுவருக்குப் பின்னால் இருக்கும் பூசாரி, வரைபடத்தின் மறுகோடியில் நிற்கும் வீரன் என்று யாருக்கும் விலக்கு இல்லை. மந்திரத்துக்குச் செலவாகும் எம்பி ஒரு புள்ளிகூடக் குறையவில்லை, சார்ஜ் ஆகும்வரை காத்திருக்கும் நேரமும் இல்லை.

1997 ஜூனில் ஸ்கொயர் நிறுவனம் பிளேஸ்டேஷனுக்கு வெளியிட்ட ஃபைனல் ஃபேன்டஸி டாக்டிக்ஸில் இது நடக்கிறது. இந்த ஸ்கில்லின் பெயர் மேத் ஸ்கில், அதைக் கற்றுத்தரும் ஜாப்பின் (பாத்திரம் ஏற்கும் தொழிலின்) பெயர் கால்குலேட்டர். 2007-இல் வந்த பிஎஸ்பி பதிப்பில் அரித்மெட்டிஷியன் என்று பெயர் மாறியது, வேலை அதேதான். டாக்டிக்ஸ் விளையாட்டுகளில் எது அளவுக்கு மீறிய பலம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்த ஸ்கில் வந்துவிடும். பெரும்பாலும் அடியின் எண்ணைக் காட்டியே பேச்சு முடிந்துவிடுகிறது. கோளாறு அந்த எண்ணில் இல்லை. இதற்கு வைத்த விலை ஜாப்பில் ஒட்டியிருக்கிறது, ஸ்கில்லில் ஒட்டவில்லை. அது எப்படி என்று பார்ப்போம்.

மந்திரத்துக்குப் போட்ட கட்டுப்பாடுகள்

இந்த விளையாட்டில் மந்திரம் பயங்கரமான ஆயுதம், ஆனால் இஷ்டத்துக்கு வீச முடியாது. ஹோலியையே எடுத்துக்கொள்ளலாம். கற்க 600 ஜேபி (ஒரு ஜாப்பில் செயல்பட்டுச் சேர்க்கும் புள்ளி), ஒரு தடவை போட 56 எம்பி, எட்டும் தூரம் 5 கட்டம், விழுவது ஒரே இலக்கின் மேல். போட முடிவெடுத்த பிறகும் 6 டிக் (ஆட்டத்தின் நேர அலகு) காத்திருக்க வேண்டும். அதற்குள் இலக்கு செத்துப்போகலாம், போடுபவரே அடிபட்டு விழலாம். இதற்கு ஈடாகக் கிடைக்கும் அடி (ஃபெய்த் என்பது மந்திரத்தின் மேல் உள்ள நம்பிக்கை அளவு, எம்ஏ என்பது மந்திரத் தாக்கு பலம்):

போடுபவரின் ஃபெய்த் × இலக்கின் ஃபெய்த் × எம்ஏ × 50 ÷ 10,000

இருவருக்கும் ஃபெய்த் 70, போடுபவரின் எம்ஏ 12 என்றால் 294. விசார்ட் ஜாப்பில் கற்கும் மேஜிக் அட்டாக் அப் என்ற சப்போர்ட் திறன் எம்ஏவை மூன்றில் ஒரு பங்கு கூட்டும். 12 என்பது 16 ஆகி, அடி 392 ஆகும். ராசிப் பொருத்தம் இதற்கு மேல் வேலை செய்யும். நல்ல பொருத்தம் என்றால் கால் பங்கு கூடும், மோசமென்றால் கால் பங்கு குறையும்.

மேத் ஸ்கில் இந்த அடியைத் தொடவே இல்லை. எம்பி, காத்திருப்பு, தூரம், ஒற்றை இலக்கு ஆகிய நான்கு கட்டுப்பாடுகளையும் தூக்கிவிட்டு, அவற்றின் இடத்தில் ஓர் எண்கணித நிபந்தனையை வைக்கிறது. அந்த நிபந்தனையில் சிக்கினால் நம் ஆட்களும் சேர்த்தே வாங்குவார்கள். வடிவமைத்தவர்கள் பெரிய தடையாக நினைத்தது இதைத்தான் போலும்.

ஏற்கெனவே கற்ற மந்திரங்களை மட்டுமே கணக்கில் போட முடியும். பூசாரிக்கான மந்திரங்களை அந்த யூனிட்டே பூசாரியாக இருந்து கற்றிருக்க வேண்டும். ஆனால் அந்த ஸ்கில்செட்டை (ஜாப்பின் ஸ்கில் தொகுப்பை) இப்போது மாட்டியிருக்கத் தேவையில்லை. ஃபயர் 4 போன்ற நான்காம் படி மந்திரங்களும், உயிர்களை அழைத்து அடிக்கும் சம்மன்களும் கணக்குக்குள் வராது. ஹோலி, ஃப்ளேர், ஹேஸ்ட், ஃப்ராக், ஸ்லீப், பெட்ரிஃபை எல்லாம் வரும். பட்டியலைப் பார்த்தால் பலமான சிலவற்றை யோசித்து விலக்கியிருப்பது தெரிகிறது. ஹோலியை மட்டும் ஏன் விட்டுவைத்தார்களோ!

கணக்கு எவ்வளவு வலை வீசும்

மேத் ஸ்கில்லில் மொத்தம் எட்டுத் துண்டுகள் உண்டு. எதை அளப்பது என்பதற்கு நான்கு: சிடி 250 ஜேபி, லெவல் 350, எக்ஸ்ப் (அனுபவப் புள்ளி) 200, ஹைட் (நிற்கும் கட்டத்தின் உயரம்) 250. எதால் வகுபட வேண்டும் என்பதற்கு நான்கு: பகா எண் 300, ஐந்து 200, நான்கு 400, மூன்று 600. இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொன்று இருந்தால்தான் ஸ்கில் ஓடும். ஆக 400 ஜேபியில் எக்ஸ்ப்-5 என்ற மட்டமான இணை கைக்கு வரும். எட்டையும் முடிக்க 2,550 ஆகும்.

1 முதல் 99 வரையுள்ள எண்களில் மூன்று, நான்கு, ஐந்து, பகா எண் ஆகிய நான்கிலும் சிக்காதவை 17 மட்டுமே: 1, 14, 22, 26, 34, 38, 46, 49, 58, 62, 74, 77, 82, 86, 91, 94, 98. ஓர் எதிரியின் லெவல் இதில் விழுந்தாலும் அவர் நிற்கும் கட்டத்தின் உயரம் பெரும்பாலும் விழாது. தரைமட்ட உயரங்களில், அதாவது 10 வரை, தப்பும் எண் 1 மட்டும்தான். அளவை நான்கு, வகுக்கும் வழி நான்கு என்று ஒவ்வொரு டர்னிலும் 16 வலைகள் கையில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றாவது எதிரிகளைப் பிடித்து நம்மவர்களை விட்டுவிடும் என்பதே இந்த ஸ்கில்லின் உண்மையான அச்சு.

சிடிக்கு இன்னொரு குணம் உண்டு. ஒவ்வொரு டிக்கிலும் யூனிட்டின் ஸ்பீட் அளவு சிடியில் கூடும். 100 தொட்டதும் டர்ன். நகர்ந்தும் செயல்பட்டும் முடித்தால் 100 கழியும், ஒன்று மட்டும் செய்தால் 80, சும்மா இருந்தால் 60. இந்த மூன்று எண்களும் நான்காலும் ஐந்தாலும் வகுபடும். ஆகவே 0-இல் தொடங்கும் ஒரு யூனிட்டின் ஸ்பீட் 8 என்றால் அதன் சிடி எப்போது பார்த்தாலும் நான்கின் மடங்காகவே இருக்கும். 10 என்றால் எப்போதும் ஐந்தின் மடங்கு. ஹேஸ்ட் போட்டு 12, 15 ஆனாலும், ஸ்லோ போட்டு 4, 5 ஆனாலும் அப்படியே. எதிரியின் ஸ்டேட்டஸ் திரையில் ஸ்பீட் 8 என்று கண்டால் சிடி-4 அவரை ஒருபோதும் தவறவிடாது. நம் ஆட்களுக்கு 7, 9 போன்ற ஸ்பீட் அமைந்தால் நான்கிலோ ஐந்திலோ அவர்கள் மாட்டுவது சில நேரம் மட்டும்தான்.

ஹைட் வேறு மாதிரி. கர்சரை வைத்தாலே உயரம் தெரியும். நாம் நிற்கும் கட்டத்தை நாமே தேர்ந்துகொள்ளலாம். மேடுபள்ளமான வரைபடத்தில் முதலில் நம்மவர்களை ஆகாத உயரத்துக்கு நகர்த்திவிட்டுப் பிறகு போடுவது சரியான வரிசை. சமதளத்தில் ஹைட் உதவாது, அடித்தால் எல்லாரையும் அடிக்கும். எக்ஸ்ப் ஒவ்வொரு செயலுக்கும் மாறுவதால் ஆள் ஆளாகத் திறந்து பார்க்க வேண்டும். மலிவு என்று அதை முதலில் வாங்குவது வீண்.

விலை ஒட்டியிருக்கும் இடம்

இவ்வளவு பலத்துக்கு விலையே வைக்கவில்லை என்று சொல்ல முடியாது. பிளேஸ்டேஷன் பதிப்பில் பூசாரி 4, விசார்ட் 4, டைம் மேஜ் 3, ஆரக்கிள் 3 ஆகிய ஜாப் லெவல்கள் எட்டினால்தான் கால்குலேட்டர் திறக்கும். பிஎஸ்பியில் ஒவ்வொன்றும் ஒரு படி கூட: 5, 5, 4, 4. திறந்த பிறகு அந்த ஜாப்பில் நின்றால் ஸ்பீட் பாதியாகக் குறையும். எம்ஏவும் சரியும். விசார்டுக்கு எம்ஏ பெருக்கல் 150 விழுக்காடு, கால்குலேட்டருக்கு 70. விசார்டாக 12 வைத்திருப்பவர் கால்குலேட்டராக 5-இல் நிற்பார். மற்றவர்கள் இரண்டு டர்ன் எடுக்கும்போது இவருக்கு ஒன்று.

இந்த விளையாட்டின் அடிப்படை விதியே, கற்ற ஸ்கில்செட்டை இன்னொரு ஜாப்பில் இரண்டாம் இடத்தில் மாட்டிக்கொள்ளலாம் என்பது. மேத் ஸ்கில்லைக் கற்று முடித்ததும் விசார்டுக்குத் திரும்பி, அதை இரண்டாம் ஸ்கில்செட்டாக வைத்தால் ஸ்பீட் திரும்பிவிடும், எம்ஏ இரண்டு மடங்குக்கு மேல் ஏறும். விலை முழுக்க ஜாப்பில் இருந்தது; ஜாப்பை விட்டதும் விலையும் போயிற்று. சுங்கச்சாவடி ஒரு சாலையில், வண்டி போவது பக்கத்துச் சாலையில்.

எனவே ‘ஹோலியின் 50-ஐ 40 ஆக்கியிருக்க வேண்டும்’ என்ற வாதம் இலக்கைத் தொடவில்லை. 40 ஆக்கினாலும் முன்சொன்ன கணக்கில் 392 என்பது 313 ஆகும். ஐந்து எதிரிகள் மேல் விழுந்தால் மொத்தம் 1,500-க்கு மேல், அதுவும் செலவில்லாமல். பிஎஸ்பி பதிப்பு செய்ததும் இதே வகைத் தவறுதான். நுழைவு நிபந்தனையை ஒரு படி உயர்த்தியது, ஸ்கில் பிரிந்து போவதைத் தொடவில்லை. கூடுதலாக உழைத்தவருக்கு அதே பரிசு.

கட்டி முடிப்பது எப்படி

ஸ்பீட் பாதியான ஜாப்பில் நின்று 2,550 ஜேபி சேர்ப்பதுதான் உண்மையான சலிப்பு. வழக்கமான வழி இது. தொடக்க ஜாப்பான ஸ்க்வயரின் கெயின்ட் ஜேபி அப் (ஜேபியைக் கூட்டித் தருவது) சப்போர்ட் இடத்தில், ஸ்க்வயரின் பேசிக் ஸ்கில்லிலுள்ள அக்யூமுலேட் (தன் தாக்கு பலத்தை ஏற்றிக்கொள்வது) இரண்டாம் இடத்தில். சண்டையில் கடைசி எதிரி ஒருவரை மட்டும் ஃப்ராக் போட்டுத் தவளையாக்கி விட்டுவிட்டு, எல்லோரும் டர்னுக்கு டர்ன் அக்யூமுலேட் செய்வது. அணியில் ஒருவர் ஈட்டும் ஜேபியில் கால் பங்கு அந்த ஜாப் திறந்திருக்கும் மற்றவர்களுக்கும் போகும். ஆகவே இரண்டு மூன்று பேரை ஒரே நேரத்தில் கால்குலேட்டராக நிறுத்தினால் சீக்கிரம் முடியும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. ஒவ்வொரு செயலும் ஜேபியோடு எக்ஸ்ப்பும் தரும், லெவல் ஏறும். கதைச் சண்டைகளில் எதிரிகளின் லெவல் பெரும்பாலும் நிலையானது. வழியில் எதிர்ப்படும் சண்டைகளிலோ அது நம் அணியோடு சேர்ந்து ஏறும். அத்தியாயம் 2-இன் கடைப் பொருட்களோடு லெவல் 40-ஐத் தொட்டுவிட்டால், அடுத்த காட்டுப் பாதையில் வரும் அரக்கர்கள் அணியையே விழுங்கிவிடும். அரக்கருக்கு ஆயுதக் கடை தேவையில்லையே.

வாங்கும் வரிசை: முதலில் சிடியும் ஐந்தும், 450 ஜேபி. அடுத்து நான்கு. பிறகு ஹைட், லெவல். 600 கேட்கும் மூன்றைக் கடைசிக்குத் தள்ளலாம் என்று தோன்றும். எண்களில் மூன்றில் ஒன்றைப் பிடிப்பது அது, ஆகவே பகா எண்ணுக்கு முன்பே வாங்குவது மேல்.

அடுத்து, நம்மவர்களைக் காப்பது. கமீலியன் ரோப் என்ற அங்கி ஹோலி தன்மையை உறிஞ்சி ஹெச்பியாக (உயிர்ப் புள்ளியாக) மாற்றும். கடையில் 5,000 கில் (ஆட்டத்தின் பணம்). சண்டைக்கு இறங்குவது ஐந்து பேர். எல்லோருக்கும் மாட்டினால் 25,000 கில்லோடு நண்பன்-எதிரி பிரச்சினை தீர்ந்தது. இனி எந்த எண்ணில் யார் மாட்டினாலும் கவலையில்லை: எதிரிக்கு அடி, நமக்கு வைத்தியம். வடிவமைத்தவர்கள் வைத்த ஒரே தடையையும் ஓர் அங்கி கழற்றிவிடுகிறது. கதையில் பின்னால் அணியில் சேரும் வாள்வீரர் சிட் ஒர்லாண்டு கொண்டுவரும் எக்ஸ்காலிபர் வாளும் ஹோலியை உறிஞ்சும், அவருக்கு அங்கி வேண்டாம்.

எங்கே சறுக்கும்

நிஞ்ஜா, மங்க், திருடன் ஆகியோர் அங்கி அணிய முடியாது. அவர்களை அணியில் வைத்துக்கொண்டு ஹோலியைக் கண்மூடித்தனமாகப் போட்டால் முதலில் விழுவது அவர்கள். கெஸ்டாக, அதாவது கதைக்காகத் துணைக்கு வருபவர்களைக் கணினியே ஆட்டுவிப்பதால், ஒருவரைக் காப்பாற்ற வேண்டிய சண்டையில் நம் கையாலேயே தோற்கலாம். இலக்குகளைத் திரை காட்டும்போது கெஸ்ட் சிக்கியிருக்கிறாரா என்று பார்க்காமல் உறுதிசெய்யக் கூடாது.

ரியோவனெஸ் கோட்டைக் கூரைச் சண்டை இன்னொரு எச்சரிக்கை. ராஃபா என்ற பெண்ணைக் காப்பாற்ற வேண்டும். அவரோ கணினி ஆட்டுவிக்கும் கெஸ்ட், எதிரிகளை நோக்கியே ஓடுவார். எதிர்ப்பக்கம் எல்ம்டோரும் செலியா, லெடி என்ற இரண்டு கொலைகாரிகளும். கொலைகாரிகளில் ஒருவரை உயிர் ஊசலாடும் நிலைக்குக் கொண்டுவந்தாலே சண்டை முடிந்துவிடும். ஆனால் நம் முறை வருவதற்கு முன்பே ராஃபா விழுந்துவிடக்கூடும். கால்குலேட்டர் ஜாப்பிலேயே ஆளை நிறுத்தியிருந்தால் கணக்குப் போட நேரமே கிடைக்காது. அங்கே தேவை ஸ்பீட்.

ஃபெய்த்தும் இரு முனைக் கத்திதான். நிரந்தர ஃபெய்த்தை ஏற்றினால் அடி கூடும். எதிரி மந்திரம் நம்மேல் விழும் அடியும் அதே விகிதத்தில் கூடும். 85-ஐத் தொட்டால் அந்த ஆள் அணியை விட்டுப் போகப்போவதாக முணுமுணுப்பார், 95-இல் கிளம்பியே விடுவார். கதாநாயகன் ரம்சாவுக்கு மட்டும் இந்த ஆபத்து இல்லை. மற்றவர்களை 84-இல் நிறுத்துங்கள். எதிரியின் ஃபெய்த் 40 என்றால், முன்பு 294 அடித்த அதே ஹோலி 168 தான் அடிக்கும். அவர்களுக்கு வாள்தான் வழி.

பக்கத்து வழக்குகள்

ஒர்லாண்டுவைச் சொல்லாமல் இந்த ஆய்வு முடியாது. நான்காம் அத்தியாயத்தில், பெத்லா கோட்டைச் சண்டைக்குப் பிறகு சேருகிறார். மூன்று வகை வாள் வித்தைகள், மொத்தம் பதினொரு ஸ்கில்கள். எதற்கும் எம்பி இல்லை, சார்ஜ் இல்லை, விலகித் தப்பும் வாய்ப்பும் எதிரிக்கு இல்லை. நைட் சோர்ட் அடித்த அளவுக்கு ஹெச்பியை உறிஞ்சித் தரும். எக்ஸ்காலிபரின் பலம் 21, கையில் இருக்கும்வரை ஹேஸ்ட் நிரந்தரம். கருவி உடைக்கும் நான்கு ஸ்கில்கள் மட்டும் பிளேஸ்டேஷன் பதிப்பில் அரக்கர்மேல் பலிக்காது, உடைக்க அவர்களிடம் கருவி இல்லாததால். அவர் வித்தையையும் வேறு ஜாப்புக்குக் கொண்டுபோகலாம், ஆனால் அவர் உடம்பை விட்டு வெளியே போகாது. ஆள் ஒருவர், டர்னுக்கு ஒரு செயல், எட்டும் தூரத்துக்கு எல்லை உண்டு. மேத் ஸ்கில்லையோ ஐந்து பேருக்கும் கற்றுத்தரலாம். இருந்தும் சராசரி ஆட்டக்காரரின் நான்காம் அத்தியாயத்தை உப்புச்சப்பில்லாமல் ஆக்குவது ஒர்லாண்டுதான். அவருக்கு எந்தத் தயாரிப்பும் வேண்டாம். சேர்ந்த நிமிடத்திலிருந்தே அடிக்கிறார்.

ஆட்டோ-போஷன் வேறு ரகம். கெமிஸ்ட் ஜாப்பின் ரியாக்‌ஷன் (அடிபட்டதும் தானாக நடக்கும்) திறன் இது. அடிபட்டதும் பிரேவ் (துணிச்சல் அளவு) எவ்வளவோ அத்தனை விழுக்காடு வாய்ப்பில் ஒரு போஷனைத் (மருந்தைத்) தானே குடிக்கும். கையிருப்பில் எது மட்டமோ அதைத்தான் எடுக்கும். இங்கேதான் ஓட்டை. 30 ஹெச்பி தரும் போஷனையும் 70 தரும் ஹை-போஷனையும் விற்றுவிட்டு எக்ஸ்-போஷனை மட்டும் வைத்தால் ஒவ்வொரு அடிக்கும் 150 திரும்பும். எக்ஸ்-போஷன் 700 கில் என்பதால் இந்தப் பலத்துக்கான விலை ஸ்கில்லிலேயே ஒட்டியிருக்கிறது. எந்த ஜாப்புக்கு மாறினாலும் பை காலியாகிக்கொண்டேதான் இருக்கும். அளவுக்கு மீறியதுதான், ஆனாலும் ஆட்டத்தை உடைப்பதில்லை.

ரியோவனெஸ் கோட்டைக்குள் வீக்ராஃப் என்ற எதிரியோடு ரம்சா தனியாக மோதும் சண்டையில் இது உயிர் காக்கும். அங்கே சண்டைகள் அடுத்தடுத்து வரும். நடுவில் சேமிக்க விடும், உலக வரைபடத்துக்குத் திரும்ப விடாது. ஒரே கோப்பில் சேமித்துவிட்டு ரம்சா பலவீனமாக இருந்தால் ஆட்டம் அங்கேயே முட்டிக்கொள்ளும். கோட்டைக்குள் போகும் முன் தனிக் கோப்பில் சேமியுங்கள். ஆட்டோ-போஷனை மாட்டுங்கள், மட்டமான போஷன்களைக் கழியுங்கள். உள்ளே போனதும் விலகி ஓடிக்கொண்டே யெல் போட்டு ஸ்பீடை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். வீக்ராஃபின் ஒரு டர்னுக்கு ரம்சாவுக்கு இரண்டு மூன்று வரத் தொடங்கியதும் திரும்பி அடிக்கலாம். அவர் உருமாறி வேலியஸ் ஆனதும் நம் அணி உள்ளே வந்துவிடும்.

ஒரே ஒரு விதி போட்டால்

மேத் ஸ்கில்லை அடியோடு ஒதுக்காமல் அடக்க நினைப்பவருக்கு ஒரு கைவிதி போதும்: கால்குலேட்டர் ஜாப்பில் இருக்கும்போது மட்டும் அதைப் பயன்படுத்துவது. விலை திரும்பவும் ஸ்கில்லோடு ஒட்டிக்கொள்ளும். முன்பு எடுத்த அதே ஆளுக்கு எம்ஏ 5, மேஜிக் அட்டாக் அப் சேர்த்தால் 6. ஃபெய்த் 70-க்கு ஹோலி 147 அடிக்கும், அதுவும் மற்றவர்களின் இரண்டு டர்னுக்கு ஒரு தடவை. தொப்பியும் அங்கியும் தரும் எம்ஏ இதற்கு மேல் சேரும் என்பதால் கொஞ்சம் கூடலாம். ஸ்லீப், பெட்ரிஃபை போன்றவை பலிக்கும் வாய்ப்பும் எம்ஏவோடு சேர்ந்து இறங்கும். ஹேஸ்ட் மட்டும் கிட்டத்தட்ட முழுப் பயனோடு நிற்கும். இந்த விதியோடு ஆடும்போது முதலில் வாங்க வேண்டியவை சிடியும் நான்கும். நம் ஆட்களில் ஸ்பீட் 8 உள்ளவர்களைத் தேடி அணியில் வைத்தால் அவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே டர்னில் ஹேஸ்ட் போய்விடும். எதிரியிலும் ஸ்பீட் 8 இருக்கிறதா என்று போடும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.